ஒரிஜினல் இல்லாத ஊரில் ஒரிஜினல் விலை

சில மாசம் முன்னாடி திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு காயலான் கடையில், உடைஞ்ச மிக்ஸி ஜார்களுக்கும் ஃபேன் இறக்கைகளுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடை கிடந்தது. உள்ளே வீடியோ கேம் கேசட்டுகள். மஞ்சள், கறுப்பு, ஒண்ணு மட்டும் சிவப்பு. எண்ணிப் பார்த்தேன், 11 இருந்தது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார். "இன்னா சார், இத்தப் போயி பொறுக்கிக்கினு கீறீங்க? உள்ள இன்னா கீது, பிளாஸ்டிக்குதான?" மொத்தமா 100 ரூபாய் கொடுத்து வாங்கிட்டு வந்தேன்.

ஆபீசில் ஒரு தம்பியிடம் இதைக் காட்டினேன். அவன் கேட்டது வேற கேள்வி. "அண்ணா, எவர்டிரைவ் ஒண்ணு வாங்கினா எல்லா கேமும் அதுல வந்துடுமே. இந்தக் குப்பை எதுக்கு?"

காயலான் கடைக்காரரும் அந்தத் தம்பியும் ஒரே கேள்வியைத்தான் ரெண்டு விதமா கேட்டிருக்காங்க. கேம் முழுசும் ஒரு எஸ்.டி. கார்டில் அடங்கிவிட்ட பிறகு கேசட் என்கிற பொருளுக்கு என்ன மதிப்பு? இதுக்கு ரெட்ரோ கேம் உலகத்தில் ஒரு ரெடிமேட் பதில் உண்டு: பிளாஷ் கேட்ரிட்ஜ் பரவப் பரவ பழைய கேசட்டுகளின் விலை விழும். இந்தப் பதில் தப்பு என்பது என் கட்சி. எப்படித் தப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஏன்னா அந்தத் தப்பு வடசென்னையில் வேற ஒரு நஷ்டமா முடிகிறது.

பிளாஷ் கேட்ரிட்ஜ் என்றால் என்ன

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமா. பழைய கேம் மெஷினில் செருகும் கேசட்டுக்குள் டேப் எதுவும் கிடையாது. நாமதான் அதை கேசட்னு கூப்பிட்டுப் பழகிட்டோம். உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதில் ஒன்றிரண்டு ரோம் சிப். தொழிற்சாலையிலேயே தகவல் பதிக்கப்பட்ட சிப், பிறகு மாற்ற முடியாது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983-ல் ஜப்பானில் வந்தது. அதற்கான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேம் மொத்தமே 40 கிலோபைட். இன்னிக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைவிடப் பெருசு.

கேம்கள் பெரிசாக ஆக, மெஷினால் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிற அளவைத் தாண்டிப் போச்சு. அதனால் கேசட்டுக்குள்ளேயே இன்னொரு சர்க்யூட் வைத்தார்கள். இப்போ இந்தப் பக்கம், அடுத்து அந்தப் பக்கம் என்று ரோமைப் புரட்டிக் காட்டும் வேலை அதுக்கு. இதன் பெயர் மேப்பர். கம்பெனிக்குக் கம்பெனி, கேமுக்குக் கேம் மேப்பர் மாறும்.

பிளாஷ் கேட்ரிட்ஜ் என்பது இந்த ரெண்டு வேலையையும் நகலெடுக்கும் கேசட். கேம் ஃபைல்களை எஸ்.டி. கார்டில் போட்டு வைக்கலாம். மெனுவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஃபைல் கேசட்டுக்குள் இருக்கும் மெமரிக்கு ஏறும். கூடவே எஃப்.பி.ஜி.ஏ என்கிற, நம் இஷ்டத்துக்கு மாற்றி அமைக்கக்கூடிய சிப், அந்த கேமுக்கு உரிய மேப்பராக வேஷம் போடும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. உக்ரைனைச் சேர்ந்த, கிரிக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் வடிவமைப்பாளரின் எவர்டிரைவ் வரிசை இதில் ரொம்பப் பிரபலம். 2010-களின் தொடக்கத்திலேயே முக்கியமான பழைய மெஷின்களுக்கு எல்லாம் இப்படி ஒரு கேட்ரிட்ஜ் கிடைக்க ஆரம்பிச்சிடுச்சு. தரமான ஒன்று நூறு டாலருக்கு மேல் ஆகும். சீன நகல்கள் அதைவிட மலிவு.

விலை விழுந்ததா?

பொருளாதாரப் பாடத்தின்படி விழுந்திருக்கணும். டீக்கு மாற்று காபி. காபி மலிவானால் டீயின் விலையும் கொஞ்சம் இறங்கணும். ஒரு கேசட்டின் விலைக்கு மொத்த லைப்ரரியும் கிடைக்கும்போது தனித்தனிக் கேசட்டை யார் வாங்குவார்?

நடந்தது வேறு. பிளாஷ் கேட்ரிட்ஜ் வந்து பத்து வருஷம் ஆன பிறகுதான் கேசட் சந்தை உச்சத்துக்குப் போனது. 2020 ஜூலையில் பிரிக்காத சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒன்று அமெரிக்காவில் ஏலத்தில் 1,14,000 டாலருக்குப் போனது. 2021 ஏப்ரலில் அதே கேமின் இன்னொரு பிரதி 6,60,000 டாலர். அதே வருஷம் ஜூலையில் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். இவை அரிய கேம்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாவது உலகம் முழுக்க ஏறக்குறைய 4 கோடி விற்ற கேம், ரெண்டாவது ஒரு கோடிக்கு மேல் விற்ற கேம். ரெண்டையுமே அந்தந்த மெஷினுக்கான பிளாஷ் கேட்ரிட்ஜில் ஆடலாம். நின்டெண்டோவே பல தடவை திரும்ப வெளியிட்டிருக்கு.

இது கோடீஸ்வரர் விளையாட்டு, விடுங்க என்று சொல்லலாம். சரி, நடுத்தர உதாரணம் ஒன்று. எர்த்பவுண்ட், 1995-ல் அமெரிக்காவில் வந்த சூப்பர் நின்டெண்டோ கேம். ரொம்ப வருஷம் அதிகாரபூர்வமா எங்கும் கிடைக்கவில்லை. கேசட் விலை ஏறிக்கொண்டே போனது. 2013-ல் நின்டெண்டோ அதை வீ யூ மெஷினில் டிஜிட்டலாக, ஒரு சாப்பாட்டுக் காசுக்கு விற்றது. பிளாஷ் கேட்ரிட்ஜிலும் ஆட முடிந்தது. அப்படியும் பெட்டி இல்லாத வெறும் கேசட்டின் விலை நூறு டாலருக்குக் கீழே வரவில்லை.

ஏன்? என் புரிதல் இது. பிளாஷ் கேட்ரிட்ஜ் விலையைக் குறைக்கவில்லை, பிரித்துவிட்டது. முன்பு ஒரு கேசட்டின் விலைக்குள் ரெண்டு விலை சேர்ந்தே இருந்தது: ஆடுவதற்கான விலை, வைத்திருப்பதற்கான விலை. பிளாஷ் கேட்ரிட்ஜ் முதல் விலையைக் கிட்டத்தட்ட பூஜ்ஜியமாக்கியது. ஆட மட்டும் ஆசைப்பட்டவர்கள் சந்தையை விட்டு வெளியே போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் யார்? வைத்திருக்க ஆசைப்படுபவர்கள். அவர்களுக்கு எஸ்.டி. கார்டு ஒரு மாற்றே இல்லை. ஆடும் ஆசையைத் தனியா தீர்த்துக்கொள்ள முடிவதால் கேசட்டைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்க அவர்களுக்கு இன்னும் வசதி. சீல் பிரிக்காத பெட்டிக்கு இத்தனை மவுசு வந்ததில் பிளாஷ் கேட்ரிட்ஜுக்கு மறைமுகமான பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். கேமை ஆடிப் பார்க்க பெட்டியைப் பிரிக்க வேண்டிய அவசியம் இப்போ யாருக்கும் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கணும். பிளாஷ் கேட்ரிட்ஜ் கேசட்டுக்கு மாற்று, ஆனால் மெஷினுக்குத் துணை. எவர்டிரைவைச் செருக ஒரு மெஷின் வேணும், கூடவே ஒரு பழைய குண்டு டிவியும் இருந்தால்தான் திருப்தி. ஆக, ஒரு பக்கம் தேவையைக் குறைக்கும் அதே பொருள் இன்னொரு பக்கம் தேவையைக் கூட்டுகிறது.

மூணாவது விளைவுதான் மோசம். மலிவான பிளாஷ் சிப் பிளாஷ் கேட்ரிட்ஜை மட்டும் பெற்றெடுக்கவில்லை. அதன் கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் உண்டு: ரீப்ரோ, அதாவது ஒரே ஒரு கேமை எழுதி, ஒரிஜினல் மாதிரியே லேபிள் ஒட்டி விற்கும் போலி. கேம்பாய் அட்வான்ஸ் போக்கிமான் கேசட்டுகளில் போலி இவ்வளவு பரவிவிட்டதால் திருகாணியைக் கழற்றி போர்டைப் பார்க்காமல் விவரம் தெரிந்தவர்கள் வாங்குவதில்லை. சில போலிகளில் 5 வோல்ட் மெஷினுக்கு 3.3 வோல்ட் சிப்பை அப்படியே பற்ற வைத்திருப்பார்கள், நாளாவட்டத்தில் மெஷினுக்கே ஆபத்து. போலி பெருகினால் நம்பிக்கைக்கு விலை வரும். 2018-ல் தொடங்கிய வாட்டா மாதிரி, கேசட்டைச் சோதித்து மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்களுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். 'இது ஒரிஜினல்' என்ற சான்றே ஒரு சரக்காகிவிட்டது.

இது வரைக்கும் அமெரிக்கக் கதை, ஜப்பான் கதை. ரெண்டு ஊரிலும் ஒரிஜினல் என்று ஒன்று இருந்தது, நகல் பிறகு வந்தது. நம்ம ஊரில் வரிசையே வேற.

நகல் முதலில் வந்த ஊர்

1990-களில் எங்கள் தெருவில் வீடியோ கேம் வைத்திருந்த வீடுகள் நாலைந்து. நின்டெண்டோ என்று எழுதிய மெஷின் ஒருத்தர் வீட்டிலும் இல்லை. மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று வேறு வேறு பெயர். எல்லாமே உள்ளுக்குள் ஃபேமிகாமின் நகல். செகாவின் மெஷினை ஷா வாலஸ் கம்பெனி இந்தியாவில் விற்றது உண்மைதான், ஆனால் அந்த விலை துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு எட்டாத விலை.

எங்களுக்கு எட்டியது பர்மா பஜார். துறைமுகத்துக்கு எதிரே, ராஜாஜி சாலையில், பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடை வரிசை. பாரின் சாமான் என்றால் வடசென்னைக்கு அதுதான் முகவரி. ராயபுரத்திலிருந்து நடந்தே போயிடலாம். எண்ணூர், திருவொற்றியூர்க்காரங்களுக்கு பீச் ஸ்டேஷன் வரைக்கும் ரயில் டிக்கெட்தான் செலவு. அங்கே வாங்கியவை பெரும்பாலும் '64 இன் 1', '168 இன் 1', '9999999 இன் 1' வகை கேசட்டுகள்.

ஒரு இன்ஜினியரா இப்போ அந்த கேசட்டைப் பிரித்துப் பார்க்கும்போது மரியாதை வருகிறது. போர்டின் நடுவில் கறுப்பா ஒரு பிசின் பொட்டு, அதுக்குக் கீழே உறையே இல்லாத சிப் துண்டு. சிப்புக்கு உறை போடும் செலவு மிச்சம். 1 மெகாபைட் ரோமில் 40 கிலோபைட் கேம்கள் ஏறக்குறைய 25 அடங்கும். மெனுவில் நாம் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சின்ன லாஜிக் சர்க்யூட் அந்த கேம் இருக்கும் பகுதியை மட்டும் மெஷினுக்குக் காட்டும். லட்சக்கணக்கில் கேம் என்று போட்டிருப்பது, அதே கேமை ரெண்டாம் லெவலிலிருந்து, மூணாம் லெவலிலிருந்து ஆரம்பித்து வேறு பெயரில் திரும்பத் திரும்பக் காட்டும் வித்தை. ஏமாத்து வேலைதான். ஆனா மெனு, பல கேம், தேர்ந்தெடுத்தால் மாறும் சர்க்யூட் — இதில் எஸ்.டி. கார்டைச் சேர்த்தால் கிடைப்பது எவர்டிரைவ். பிளாஷ் கேட்ரிட்ஜின் தாத்தாவை நாம் பர்மா பஜாரில் பார்த்துவிட்டோம்.

அந்தத் தாத்தா விலையையும் அப்போதே உடைத்துவிட்டார். ஒரு கேசட்டில் பல கேம் கிடைக்கும்போது ஒற்றைக் கேம் கேசட் வாங்குவது பணக்காரத்தனம். ஒற்றைக் கேம் வேணும்னா கடையில் வாடகைக்கு எடுப்போம், இல்லைன்னா எதிர்வீட்டுப் பையனிடம் மாத்திக்குவோம். வாங்கியதை அலமாரியில் அடுக்கிவைத்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் உருவாகவே இல்லை. கேசட்டின் மதிப்பு, அது ஊதினால் ஓடுமா ஓடாதா என்பதில் இருந்தது. ஒரிஜினலா என்ற கேள்வியை ஒருத்தரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போ கேட்கிறார்கள்

வெளிநாட்டில் விலை ஏறிய செய்தி இங்கேயும் வந்து சேர்ந்தது. பரணில் கிடந்த அதே பர்மா பஜார் கேசட்டுகள் இப்போது இணையத்தில் 'விண்டேஜ்', 'ரேர்', 'ஒரிஜினல்' என்ற அடைமொழியோடு விற்பனைக்கு வருகின்றன. நண்பர் ஒருவர் 2,500 ரூபாய் கொடுத்து ஒரு மஞ்சள் கான்ட்ரா கேசட் வாங்கினார். விற்றவர் ஒரிஜினல் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். நண்பர் அதை என்னிடம் கொண்டுவந்து, "பாருப்பா, நம்ம காலத்துது" என்று பெருமையா நீட்டினார். திருகாணியைக் கழற்றினேன். நடுவில் கறுப்புப் பொட்டு. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பிரிக்காமலே இருந்திருக்கலாமோ என்று தோணுச்சு.

ஆனா யோசிச்சுப் பாருங்க. நண்பர் ஏமாந்தது எதில்? அவர் தேடியது சின்ன வயசில் ஆடிய கேசட். அவர் சின்ன வயசில் ஆடிய கேசட்டுக்குள்ளும் இதே கறுப்புப் பொட்டுதான் இருந்திருக்கும். ஆக, அவர் கேட்டது சரியாகவே கிடைத்திருக்கிறது. ஏமாந்தது 'ஒரிஜினல்' என்ற வார்த்தையில். வேறு ஊர்ச் சந்தையின் அளவுகோலை இங்கே கொண்டுவந்து வைத்தால், நம் ஊரின் மொத்த வீடியோ கேம் நினைவும் 'போலி' என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடும்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு என்ஃபீல்டு வைத்துச் சொன்னால் சட்டெனப் புரியும். புல்லட் தொழிற்சாலை இருந்த ஊர் இது. பழைய புல்லட்டுக்கு ஒரிஜினல் டேங்க், டூப்ளிகேட் டேங்க் என்று பிரித்து விலை சொன்னால் அதற்கு அர்த்தம் உண்டு, ஒரிஜினல் டேங்க் இங்கேயே செய்யப்பட்டது. எங்கள் தெருவுக்கு ஒரிஜினல் கேசட் வந்ததே இல்லை. வராத பொருளுக்கு விலை கொடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

கார்டில் இல்லாதது

இங்கேதான் அந்த ஆபீஸ் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "எல்லா கேமும் அதுல வந்துடுமே."

வராது. பிளாஷ் கேட்ரிட்ஜ் ஆடிக் காட்டும், தானாக எதையும் கொண்டுவராது. கார்டில் ஒரு ஃபைல் இருக்கிறதென்றால், உலகத்தில் யாரோ ஒருவர் அந்த கேசட்டை எடுத்து, ரீடரில் செருகி, உள்ளே இருக்கும் தகவலைப் படித்து வெளியே எடுத்திருக்கிறார். இதை டம்ப் பண்ணுவது என்பார்கள். நின்டெண்டோ முறைப்படி விற்ற கேம்களை ஆர்வலர்கள் அனேகமா ஒண்ணு விடாமல் டம்ப் பண்ணிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். திருட்டு கேசட்டுகளின் நிலைமை அப்படி இல்லை. அவற்றை எந்தக் கம்பெனியும் பட்டியல் போட்டு வெளியிடவில்லை. எத்தனை வகை என்று எண்ணிச் சொல்ல ஆளில்லை.

டாங்க் 1990 ஞாபகம் இருக்கிறதா? கழுகுச் சின்னத்தைக் காப்பாற்றும் பீரங்கி கேம். அது நாம்கோ கம்பெனி 1985-ல் ஃபேமிகாமுக்கு வெளியிட்ட பேட்டில் சிட்டியைத் திருத்திச் செய்த திருட்டுப் பதிப்பு. தண்ணீரைக் கடக்க உதவும் படகுச் சின்னம் மாதிரி புதுச் சங்கதிகள் எல்லாம் திருடியவர் சேர்த்தவை, நாம்கோவின் கேமில் கிடையாது. நம்மில் பலர் ஆடியது இந்தத் திருத்திய பதிப்பைத்தான். அது இன்று கார்டில் கிடைக்கிறதென்றால், யாரோ ஒரு புண்ணியவான் அதைப் 'போலி' என்று தூக்கிப் போடாமல் டம்ப் பண்ணியதால்.

டம்ப் பண்ணுவதும் லேசில்லை. முறையான கேம்களின் மேப்பர்கள் ஓரளவு எண்ணி முடிக்கக்கூடியவை. திருட்டு கேசட் செய்தவர்கள் ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஒரு வயரிங் போட்டார்கள். ஃபேமிகாம் ஃபைல்களுக்கு ஆரம்பத்தில் வைத்த வடிவத்தில் 256 மேப்பர் எண்களுக்குத்தான் இடம் இருந்தது. அது பத்தாமல், பிறகு வந்த நெஸ் 2.0 வடிவத்தில் 4,096 வரை நீட்டினார்கள். இந்தப் பல கேம் கேசட்டுகளும் திருட்டுப் போர்டுகளும் அதற்கு ஒரு பெரிய காரணம். டம்ப் பண்ணியே ஆனாலும், அந்த விசித்திர வயரிங் எல்லாவற்றையும் எவர்டிரைவ் ஆதரிக்காது.

என் 11 கேசட்டுக்கு வருவோம். ஆர்டுயினோ மெகா போர்டை வைத்துச் செய்யும் ஓப்பன் சோர்ஸ் ரீடர் ஒன்று உண்டு, அதற்கு 60 பின் ஃபேமிகாம் அடாப்டர் சேர்த்து ஒரு மாசம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்தேன். மூணு கேசட் செத்துப் போயிருந்தது. பின்களில் பச்சைக் களிம்பு, ஒன்றில் செம்புத் தடமே அரிச்சுப் போயாச்சு. கடற்காற்று. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும், உப்பு இரும்பை என்ன செய்யுமென்று. செம்புக்கு மட்டும் கருணை காட்டுமா? ஆறு கேசட் ஒற்றைக் கேம், படித்த ஃபைல்களின் செக்சம் ஏற்கெனவே பட்டியலில் உள்ளவற்றோடு பொருந்தியது. அதாவது இந்த ஆறைப் பொறுத்தவரை தம்பி சொன்னது சரி. மீதி ரெண்டும் பல கேம் கேசட். ஒன்று பொருந்தியது. இன்னொன்று, சிவப்பு கேசட், எதோடும் பொருந்தவில்லை. மெனுவும் முதல் சில கேம்களும் வருகின்றன. அதுக்கு மேல் எந்த முகவரியில் எதை எழுதினால் பக்கம் புரளும் என்று இன்னும் பிடிபடவில்லை. பெரிய பொக்கிஷம் என்று சொல்ல மாட்டேன். மெனுவில் பின்னணிப் படமும் கேம்களின் வரிசையும் மட்டுமே புதுசாக இருக்கலாம். ஆனால் அந்த வரிசையைத் தலைகீழாக மனப்பாடம் பண்ணிய பையன்கள் இந்த ஊரில் இருந்திருப்பார்கள்.

காயலான் கடைச் சந்தையில் இதற்குப் பிளாஸ்டிக் விலை. சேகரிப்பாளர் சந்தையில் இது போலி, விலை பூஜ்ஜியம். விவரம் தெரியாதவர் சந்தையில் 'ஒரிஜினல்' என்று பொய் சொன்னால் 2,500 ரூபாய். உள்ளே இருப்பது என்ன என்பதற்கு மூணு சந்தையிலும் விலை இல்லை. என் புகார் இதுதான். சீல் பிரிக்காத பெட்டியைக் கொண்டாடும் சேகரிப்பாளரும், "எல்லாம் கார்டில் இருக்கு" என்று சொல்லும் பிளாஷ் கேட்ரிட்ஜ் ஆளும் எதிரெதிர்க் கட்சி என்று நினைக்கிறார்கள். இந்தச் சிவப்பு கேசட்டைப் பொறுத்தவரை ரெண்டு பேரும் ஒரே கட்சி. ஒருவர் போலி என்று ஒதுக்குகிறார், இன்னொருவர் தேவையில்லை என்று ஒதுக்குகிறார். கேசட் போய்ச் சேரும் இடம் ஒன்று.

அதுவும் வேகமா போய்ச் சேருகிறது. 2015 வெள்ளம் ஒரு தடவை தரைத்தள வீடுகளை வாரிக்கொண்டு போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீட்டுக்குள் வந்தது. அதற்குப் பிறகு வீட்டைக் கழுவி எடுத்தவர்கள் பழைய அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்தா தூக்கிப் போட்டிருப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடே போன இடத்தில் கேசட் ஒரு விஷயமா என்பது நியாயமான கேள்விதான்.

ரெண்டு ஆட்சேபங்கள்

திருட்டுச் சரக்கைப் போய்ப் பாதுகாக்கணுமா என்று கேட்கலாம். சட்டம் என்ன சொல்கிறதென்றால், 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் அழிவிலிருந்து காக்க நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. சட்டப்படி வைத்திருப்பவர் என்பதுதான் கண்டிஷன். ஒரிஜினலே விற்கப்படாத ஊரில் அந்த கண்டிஷனுக்குள் நாம் யாரும் வர மாட்டோம். இணையத்தில் கேம் ஃபைலை இலவசமாப் பரப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. படித்து, செக்சம் எடுத்து, போர்டைப் போட்டோ பிடித்து, இப்படி ஒன்று இருந்தது என்று எழுதி வைப்பது திருட்டு ஆகாது என்பது என் எண்ணம். முறையான கேம்களின் கதியே அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. கம்பெனி, வக்கீல், காப்பகம் எல்லாம் இருக்கிற ஊரிலேயே இந்த நிலைமை.

இது வெறும் பழைய ஞாபகப் பைத்தியம் என்பது ரெண்டாவது ஆட்சேபம். கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துறைமுகம் வழியா என்னென்ன இறங்கியது, எந்த விலையில் எந்தத் தெருவுக்குப் போனது, ஒரு தொழிலாளர் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் என்ற பொருளை முதன்முதலில் எந்த உருவத்தில் தொட்டது என்பதெல்லாம் இந்த ஊரின் வரலாறு. நான் முதன்முதலில் தொட்ட மைக்ரோபிராசசர் ஒரு திருட்டு கேம் மெஷினுக்குள் இருந்தது. அது மெஷின் என்றே தெரியாமல் தொட்டேன். என்னைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

எதுக்கு எவ்வளவு கொடுக்கலாம்

இவ்வளவு எழுதிவிட்டு நடைமுறையா ஒன்றும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஆடத்தான் ஆசை என்றால் பிளாஷ் கேட்ரிட்ஜ் நல்ல பொருள், தயங்காமல் வாங்கலாம். நம்ம ஊர் நகல் மெஷின்கள் பெரும்பாலும் 60 பின், அமெரிக்க நெஸ் 72 பின், அதைப் பார்த்து வாங்குங்கள். 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்கும் பழைய கேசட்டை, திருகாணியைக் கழற்றிக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள். கறுப்புப் பொட்டு இருந்தால் 2,500 கொடுக்காதீர்கள், அதுக்காகக் குப்பையிலும் போடாதீர்கள். ஒற்றைக் கேம் கேசட்டைவிட, யாரும் சீண்டாத பல கேம் கேசட்டுக்குத்தான் நான் இப்போது கை நீட்டுவேன். பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, ஈரம் புகாத டப்பாவில், ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் நம் காற்றில் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் அரிப்புக்குத்தான் உதவும். இதை எனக்கு 1994-ல் யாராவது சொல்லியிருக்கலாம்.

அந்தக் காயலான் கடைக்குப் போன வாரமும் போனேன். கடைக்காரர் இப்போ எனக்குன்னு ஒரு கோணிப்பையை ஓரமா வைக்கிறார். "சார், உங்க பிளாஸ்டிக்கு ரெண்டு வந்து கீது" என்றார். 40 ரூபாய் கேட்டார். போன தடவை ஒண்ணு பத்து ரூபாய்கூட விழவில்லை, இப்போ இருபது. வடசென்னையில் ரெட்ரோ கேசட் விலை ஏறியிருக்கு, அதுக்குக் காரணம் நான்தான். பேரம் பேசாமல் கொடுத்துட்டு வந்தேன்.